‘அடி’ என்று சொல்ல ஓர் ஆள்

“அந்தப் பொண்ணு ஏதோ சொல்ல வந்துச்சே?”

“அது சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? சாயங்காலம் அழிச்சிரும். விடுங்க.”

இதுதான் அக்கா, காலையில் என் காதில் விழுந்தது. லேப்டாப்பில் நடந்த ஆபீஸ் மீட்டிங் முடிந்துவிட்டது, எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்துப் பேசிக்கொண்டார்கள். நான் போகவில்லை. ஒட்டுக்கேட்கிற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. முதல் ஆளாக வெளியேறினால் மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று எல்லோரும் போகும்வரை காத்திருப்பேன். எப்போதும் அப்படித்தான்.

பிறகு இன்னொரு வரியும் விழுந்தது. “இன்னும் கொஞ்ச நாள்தான். அது பாக்குற வேலைக்கும் ஒரு டூல் வந்துரும்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, டீ குடிக்கும்போது சிரிப்பார்களே, அந்த மாதிரி. அதுதான் பயமாக இருந்தது.

நீங்கள் கேட்டீர்களே, ஏம்மா கை நடுங்குது, காய்ச்சலா என்று. காய்ச்சல் இல்லை. தண்ணீர் கொடுத்ததற்கு நன்றி. நான் இவ்வளவு பேசுகிறவள் இல்லை அக்கா. சங்கரன்கோவிலில் நீங்கள் இறங்கிவிடுவீர்கள், நான் இதே பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போய்விடுவேன். உங்களை மறுபடி பார்க்கப் போவதில்லை. அதனால்தான் பேச வாய் வருகிறது போல.

என் வேலையை எப்படிச் சொல்வது? டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிற வேலை. ஊரில் மேல்நிலைத் தொட்டிக்கு ஓர் ஆள் இருப்பார் இல்லையா, தண்ணீர் திறந்துவிட, மோட்டாரை நிறுத்த, தொட்டியைக் கழுவ? அந்த மாதிரிதான். தண்ணீருக்குப் பதிலாக ஆட்களின் பெயர், வயது, ரத்தப் பரிசோதனை முடிவு. அயர்லாந்தில் ஒரு கம்பெனி, ஊர் ஊராகப் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறார்கள். தொட்டி அங்கே. அதைத் திறக்கிறவள் கோவில்பட்டியில், எங்கள் வீட்டு மாடி அறையில். என்னோடு இன்னொருவர், கோமதிநாயகம் அண்ணன். அவர் புளியங்குடியில். இரண்டு பேரும் மூன்று வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். நேரில் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தொட்டிக்குள் எதையாவது மாற்றவோ அழிக்கவோ வேண்டுமென்றால் தனியாகச் செய்ய மாட்டோம். அண்ணன் கட்டளையை டைப் செய்வார். நான் போனில் அதை ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பேன். முதலில் எந்த இயந்திரம் என்று அதன் பெயரை வாசிக்க வேண்டும், பிறகு மற்றதெல்லாம். முழுக்க வாசித்துவிட்டு, சரி என்றால் “அடி” என்பேன். அதற்குப் பிறகுதான் அவர் விரல் என்டர் பட்டனுக்குப் போகும். நான் சொல்லாமல் போகாது. “நீ வாயத் திறக்கதே இதுக்கு மட்டும்தாம்மா,” என்று கேலி செய்வார். உண்மைதான்.

ஒரு தடவை சோதனைக்கு வைத்திருக்கிற இயந்திரத்தில் செய்ய வேண்டியதை, நிஜ இயந்திரத்தில் டைப் செய்துவிட்டார். எங்கள் வேலையில் இதுதான் பெரிய ஆபத்து. இரண்டு ஜன்னலும் ஒரே மாதிரி இருக்கும், பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். நான் வாசிக்கும்போது நின்றுவிட்டேன். “அண்ணே, பேரு,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அடித்திருந்தால் ஒரு நாட்டின் பாதிப் பேருடைய சர்க்கரையும் உப்பும் போயிருக்கும். அந்த வாரமே பார்சல் சர்வீஸில் ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் வந்தது. அவர் மாமனாருக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி. அம்மா ஊறுகாய் போட்டாள், சர்பத் போட்டாள், தெரு முழுக்கக் கொடுத்தாள், அப்படியும் தீரவில்லை. “இனிமே அந்த அண்ணனக் காப்பாத்தாத தாயி,” என்றாள்.

பிறகு கிளவுட் வந்தது. நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொட்டியை நாமே வைத்துக்கொள்ள வேண்டாம், பெரிய கம்பெனிக்காரன் எங்கேயோ கடல் மாதிரி வைத்திருக்கிறான், குழாயைத் திறந்தால் வரும். நிறைந்தால் அதுவே பெரிதாகும். உடைந்தால் அதுவே ஒட்டிக்கொள்ளும். அண்ணனும் நானும்தான் பழைய தொட்டியிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றினோம். மாதக்கணக்கில் வேலை. நன்றாகத்தான் செய்தோம்.

மாற்றிக்கொண்டிருக்கும்போதே முரளிதர் சார் ஒரு மீட்டிங் வைத்தார். அவர்தான் எங்கள் மேனேஜர், சென்னையில் இருக்கிறார். “நீங்க இப்போ பண்றதுல எதெல்லாம் கிளவுடே பாத்துக்கும்?” என்று கேட்டார். “செண்பகா, நீங்க சொல்லுங்க,” என்றார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. ஒவ்வொன்றாகச் சொன்னேன். தினமும் நகல் எடுப்பதை அதுவே பார்த்துக்கொள்ளும் சார். புதுப்பிப்பதையும் அதுவே செய்யும் சார். விழுந்தால் அதுவே எழுந்திருக்கும் சார்.

“ரெண்டு பேரு சேந்து வாசிச்சு அடிக்கிறீங்களே, அது?”

“அது இனிமே தேவைப்படாது சார்.”

“கரெக்ட்,” என்றார். சந்தோஷமாகச் சொன்னார். தப்பாக எதையும் நான் சொல்லவில்லை அக்கா. கேட்டார், எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பரீட்சையில் கேட்டிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

வேலை முடிந்ததும் அண்ணனை வேண்டாம் என்றுவிட்டார்கள். பாவம், இரண்டு பிள்ளைகள். யார் என்ன சொல்லி அப்படி முடிவெடுத்தார்களோ, பெரிய இடத்து விஷயம், நமக்கு எங்கே தெரியும்? அவருக்கு ஒரு செய்தி அனுப்பலாம் என்று எழுதுவேன், அழிப்பேன். அவரும் கூப்பிடவில்லை. மூன்று வருஷம் பேசிய மனிதர், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அதில் வருத்தம்தான்.

அதிலிருந்து நான் மட்டும். வேலையும் மாறிவிட்டது. முன்பு தண்ணீர் திறந்துவிட்டவள் இப்போது மீட்டர் பார்க்கிறேன். எந்தக் குழாய் வீணாகத் திறந்திருக்கிறது, யாரிடம் எந்தச் சாவி இருக்கிறது, எதை மூடலாம், எதை அழிக்கலாம். “ஓனர்ஷிப் உங்களுக்குத்தான்,” என்பார் சார். எல்லோருக்கும் அது நல்ல வார்த்தை போலிருக்கிறது. எனக்கு அப்படி இல்லை. ஒரு சின்ன விஷயத்தை அழிக்க வேண்டுமென்றாலும் என் விரல் போகாது. சுவருக்கு வாசித்துப் பார்த்தேன். ஒரு நாள் அம்மாவை உட்காரவைத்து வாசித்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே “ம்” என்றாள். அந்த “ம்”முக்கெல்லாம் விரல் நகருமா? கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அடித்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் உட்கார்ந்துகொள்வேன்.

இன்றைக்கு என்ன என்றால், பழைய தொட்டியை அழிக்கிற நாள். எல்லாம் புதியதில் சரியாக இருக்கிறதா என்று தெரியும்வரை பழையதையும் ஓடவிட்டிருந்தார்கள். இன்று சாயங்காலத்தோடு அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் நான் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், நகல் உட்பட. துடைத்தால் சாமி வந்தாலும் திரும்ப எடுக்க முடியாது.

நான் பார்க்க முடிந்தவரை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரி. ஆனால் பழைய தொட்டிக்குள் யாரோ இன்னும் வந்து போகிறார்கள், அக்கா. தினமும். அங்கே விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒருவர் உள்ளே வருகிறார், சாயங்காலம் போகிறார். அந்த வாசலைத் திறந்து வைத்தது கோமதிநாயகம் அண்ணன். வருகிறது யார், எதையாவது வைத்துவிட்டுப் போகிறார்களா, சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்களா, எனக்குத் தெரியவில்லை. அந்தப் பகுதியைத் திறந்து பார்க்க எனக்கு அனுமதி கிடையாது, நோயாளிகளின் விவரம். அயர்லாந்துக்காரர்களை நேராகக் கேட்கவும் கூடாது, சார் மூலமாகத்தான் கேட்க வேண்டும்.

காலை மீட்டிங்கில் அதைத்தான் சொல்ல வந்தேன். “சார், பழசுல ஒரு...” என்று ஆரம்பித்தேன். வேறு யாரோ பேசினார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு நிறுத்தினேன். மறுபடி ஆரம்பிக்க முடியவில்லை. பிறகுதான் காதில் அது விழுந்தது. சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன.

அழித்துவிட்டால், அந்த ஊரில் யாருக்கோ புற்றுநோய் இருக்கிறதா இல்லையா என்று வந்த பதில் இல்லாமல் போகலாம். அழிக்காவிட்டால் எனக்கு வேலை இல்லாமல் போகும். அப்பாவுக்கு மளிகைக்கடை போன பிறகு வீட்டில் என் சம்பளம்தான். அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன். எடுக்கவே இல்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் பேங்குக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, புளியங்குடிக்குப் பஸ் ஏறிவிட்டேன். என் வாழ்க்கையில் தனியாக, சொல்லாமல் பஸ் ஏறியது இதுதான் முதல் தடவை.

அண்ணனின் மாமனார் மண்டியைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. வாசனையே கூட்டிக்கொண்டு போனது. உள்ளே ஏலம் நடந்துகொண்டிருந்தது. குவியல் குவியலாகப் பழம், சுற்றி ஆட்கள், ஒரே சத்தம். சிவப்புத் துண்டு போட்ட ஒருவர் நடுவில் நின்று விலை கூவிக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. என்னிடம் பூனை மாதிரிப் பேசுகிறவர், அப்படிக் கத்துகிறார். பக்கத்தில் போய் “அண்ணே,” என்றேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவர் பாதிக் கூவலில் நிறுத்தித் திரும்பினார். என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“செண்பகா?”

“ஆமாண்ணே.”

“இங்க எதுக்கும்மா வந்த?” என்றார். சுற்றியிருந்தவர்கள் “யாருய்யா, விலையச் சொல்லு” என்றார்கள். ஒருவர், “நாயகம், பழைய ஆபீஸ் ஆளா? ஊறுகாய்க்குப் பழம் வாங்க வந்துருக்கோ?” என்றார். எனக்குத் தலையே நிமிரவில்லை.

பின்பக்கம் மூட்டைகள் அடுக்கிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி பூரணம் அக்கா சாப்பாடு கொண்டு வந்திருந்தார்கள். என்னை யார் என்று சொன்னதும் அப்படி ஒரு சந்தோஷம். “போன்ல வாசிக்குமே, அந்தப் பிள்ளையா? ஒல்லியால்லா இருக்கு,” என்று மூட்டைமேல் உட்காரவைத்து, அங்கேயே பழம் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு டம்ளர் ஜூஸ் கொடுத்தார்கள். “ஒங்க அண்ணனுக்குக் கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில எடுத்துட்டாங்கம்மா. பழைய ஆபீஸ்ல விசாரிப்பாங்களாம். ஒங்க சார் நல்லபடியா ஒரு வார்த்த சொல்லிட்டா அடுத்த மாசமே போயிரலாம். இந்த மண்டில இவரு கத்துகதப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு,” என்றார்கள். அண்ணன் “சரி சரி” என்று அடக்கினார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பழைய வாசலில் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார். “சத்தியமா ஞாபகம் இல்லம்மா. எத்தனையோ திறந்து விட்டோம். வெறுமனே எட்டிப் பாக்குத புரோகிராமாவும் இருக்கலாம்,” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குத் தெரியும் என்று நம்பித்தான் வந்தேன்.

“சார்ட்ட சொல்லு,” என்றார்.

“நீங்க பேசுங்கண்ணே.”

“நான் யாரு பேச? அன்னைக்கி அவரு கேட்டப்ப நீ பதில் சொன்னேல்ல? நானும் லைன்லதான் இருந்தேன். அதே மாதிரி இன்னைக்கும் சொல்லு.”

எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை அக்கா. அந்த மீட்டிங்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் ஜூஸைக் குடித்தேன். பிறகு அவராகவே சொன்னார். “அழிக்காத. அந்த ஒரு வாசலை மட்டும் பூட்டிப் போடு. உள்ள வாரவன் நெசமான ஆளா இருந்தா கத்துவான். அவன் கத்துனா பொழச்சோம். சாயங்காலம் வரைக்கும் யாரும் கத்தலேன்னா அழி.”

லேப்டாப்பைத் திறந்து போன் வழியாக இன்டர்நெட் வைத்தேன். திரையை அவர் பக்கம் திருப்பினேன். உடனே அவர் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். “எனக்குக் காட்டாத. நான் இப்ப வெளியாளு. பாக்கக் கூடாது. நீ வாசி, நான் கேக்கேன்,” என்றார்.

வாசித்தேன். முதலில் பெயர். பிறகு ஒவ்வொரு எழுத்தாக. ஏலச் சத்தத்தில் என் குரல் அவருக்கு எட்டவில்லை. இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். முதுகைக் காட்டிக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். அவர் சட்டை நனைந்திருந்தது.

“அடி,” என்றார்.

அடித்தேன். விரல் தானாகப் போனது. இத்தனை நாளில் முதல் தடவையாகப் பயமில்லாமல் அடித்தேன்.

அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். போன் அடித்தது. முரளிதர் சார். ஏலச் சத்தத்தில் காதில் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டேன்.

“செண்பகா, பழைய சர்வர்ல ஏதாவது மூடுனீங்களா?”

“ஆமா சார்.”

“அயர்லாந்துலருந்து கத்துறாங்க. ஒரு சின்ன ஊர் லேபை நாம புதுசுக்கு மாத்தவே இல்லியாம். இவ்வளவு நாளும் ரிசல்ட்டெல்லாம் பழசுலயே போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. அழிச்சிருந்தா அவ்வளவும் போயிருக்கும். கேக்குதா?”

“கேக்குது சார்.”

“இன்னைக்கு எதையும் அழிக்க வேணாம். நான் அந்த இடத்துக்காரங்ககிட்ட டைம் வாங்குறேன். அந்த வாசலைத் திறந்து விடுங்க. நல்ல வேலை பண்ணிருக்கீங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா எங்கிட்ட சொல்லாம மூடிருக்கீங்க. நீங்களா முடிவு பண்ணீங்களா? இல்ல, யாராவது சொன்னாங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாராட்டத்தான் கேட்கிறார் என்று இப்போது நீங்கள் சொல்வீர்கள். அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நானாகத்தான் செய்தேன் என்று சொன்னால் நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் அதுவும் என் தலையில்தானே வரும்? தனியாக நான் எதையும் செய்ததே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் இப்போது என் பக்கம் திரும்பியிருந்தார். தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்கிற மாதிரி இருந்தது. எதை வேண்டாம் என்கிறார்? பொய் சொல்ல வேண்டாம் என்கிறாரோ?

“கோமதிநாயகம் அண்ணன்தான் சார் சொன்னாங்க.”

“அவர் எப்படி? அவருக்குத்தான் எல்லா அனுமதியையும் எடுத்தாச்சே.”

“அனுமதி இல்ல சார். பக்கத்துல நிக்காங்க.”

“பக்கத்துலன்னா? உங்க ஸ்கிரீன் திறந்திருக்கும்போதா?”

“ஆமா சார். ஆனா அவங்க திரும்பி...”

“சரி. புரியுது. நோயாளிங்க டேட்டா இருக்குற சர்வரை வெளியாளு முன்னாடி திறந்திருக்கீங்க.” குரலில் கோபமே இல்லை. “உங்கள நான் பாத்துக்கிறேன், பயப்படாதீங்க. கோமதிநாயகத்தப் பத்தி கோயம்புத்தூர்லருந்து கேட்டிருந்தாங்க. நல்லவேளை, இன்னும் பதில் போடல,” என்று வைத்துவிட்டார்.

கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னேன், அக்கா. ஒவ்வொன்றும் உண்மை. அவர் திரும்பித்தான் நின்றார் என்பதையும் சொல்ல வந்தேன், சார் முடிக்க விடவில்லை. என்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சார் சொன்ன பிறகும் இந்தக் கை ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? போனை அணைத்து வைத்திருக்கிறேன். மறுபடி அடித்தால் என்ன கேட்பார்களோ, நான் என்ன சொல்வேனோ.

வாசலைத் திறந்துவிட வேண்டுமே. அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. டைப் செய்து, அண்ணனைப் பார்த்து, முதலில் பெயரை வாசித்தேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக வாசித்து முடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து உதறினார், மறுபடி போட்டுக்கொண்டார், ஏலம் நடக்கிற இடத்துக்குப் போனார். நான் இன்னொரு தடவை வாசித்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நானே அடித்தேன்.

கண்ணைத் திறந்தபோது பூரணம் அக்கா எனக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் பாதி குடித்து மூட்டைமேல் வைத்திருந்த ஜூஸ் டம்ளரை எடுத்து, வாசலுக்குப் போய், மிச்சத்தைத் தெருவில் ஊற்றினார்கள்.